மேலூரா, மன்னவனூரா, கோலாரா? மதுரையிலிருந்து கூடாரத்தோடு ஒரு கார்ப் பயணம்

சனிக்கிழமை விடியலில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். நடுவில் ஒரு ராத்திரி கூடாரத்தில் படுக்க வேண்டும். பக்கத்தில் ஏரியோ கண்மாயோ இருக்க வேண்டும். அது பாறையை வெட்டியும் பூமியைத் தோண்டியும் மனிதர்கள் பிழைத்த பழைய பூமியாகவும் இருக்க வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு இப்படியெல்லாம் ஆசைப்பட்டால் பேச்சில் அடிபடுவது நான்கு இடங்கள்: மேலூர் வட்டாரம், மேகமலை, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர், அப்புறம் கர்நாடகத்துக் கோலார் தங்கவயல். இதில் எந்த இடமும் எல்லா ஆசையையும் தீர்த்து வைக்காது. எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டால் மீதி சுலபம்.

நான் மேலூர் கட்சி. ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மற்ற மூன்றையும் முதலில் பார்த்துவிடலாம்.

மேகமலையை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம். அழகில் குறை ஒன்றும் இல்லை. சின்னமனூரில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், தேயிலைக்கு நடுவே மணலாறு, இரவங்கலாறு, ஹைவேவிஸ் என்று வரிசையாக நீர்த்தேக்கங்கள். சுருளியாறு நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியவை அவை. ஆனால் 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ராத்திரியில் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, கண்ட இடத்தில் கூடாரம் போடவும் முடியாது. சுரங்கம், குவாரி என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. விடுதியில் அறை எடுத்துத் தங்க நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். அது வேறு பயணம்.

மன்னவனூரின் பலம் ராத்திரிதான். மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், அங்கிருந்து பூம்பாறையைத் தாண்டி இன்னும் உள்ளே, மொத்தம் 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏரிக்கரையில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் இருக்கிறது. அங்கே தங்க முன்பதிவு கட்டாயம். புல்வெளி, ஏரி, குளிர், வானம் நிறைய நட்சத்திரம் என்று கூடாரத்தில் படுப்பவர் கேட்பதெல்லாம் அங்கே கிடைக்கும். ஊரை ஒட்டி மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் ஒன்று 1965 முதல் இயங்குகிறது, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். போகிற வழியில் பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கிக்கொள்ளலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, வீரியம் அதிகம், சமையலில் பாதி போட்டால் போதும்.

தொல்லைகளும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. சனிக்கிழமை காலையில் கிளம்பிய பிறகு பாஸ் தேடினால் கதை வத்தலக்குண்டிலேயே முடிந்துவிடும். பேரிஜம் ஏரியையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் வனத்துறை அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பகலுக்கு மட்டும். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான். தனியார் நிலத்தில் "டென்ட் ஸ்டே" என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களைப் பொறுத்தவரை, உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். அதிகாரிகள் வந்து ராத்திரியில் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகுட்டியோடு போக இடமிருக்காது.

ஆனால் கல்லை வெட்டிய கதை, மண்ணைத் தோண்டிய கதை எதுவும் மன்னவனூரில் இல்லை. ஏரி மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கோலார் இதற்கு நேர் எதிர். சுரங்க வரலாறு என்று எடுத்துக்கொண்டால் தென்னிந்தியாவில் அதற்குப் பக்கத்தில் நிற்க இன்னொரு இடம் கிடையாது. 1880-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி உள்ளே வந்தது. 1902-லேயே சிவசமுத்திரம் அருவியில் இருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை சுடும், அழுத்தம் தாங்காமல் சுவர்களே வெடித்துச் சிதறும். கீழே இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். இன்றைக்கும் அந்தத் தெருக்களில் தமிழ்தான் ஓடும். தோண்டி எடுத்த பாறையில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்து, எடுக்கிற செலவு கட்டுப்படியாகாமல், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்க நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில் பக்கத்திலேயே இருக்கிறது. ஏரி, சுரங்கம், வரலாறு மூன்றும் அங்கே உண்டு.

அப்புறம் என்ன குறை? மதுரையில் இருந்து சேலம், கிருஷ்ணகிரி வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று சனி, ஞாயிறு இரண்டும் ரோட்டிலேயே கரைந்துவிடும். அவ்வளவு தூரம் போயும் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. கண்ணில் படுவது குழிமுகத்து இரும்புக் கோபுரங்களும், பழைய பங்களாக்களும், தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகளும்தான். அந்த மேடுகளின் மேல் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது, அருகில் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். கூடாரத்துக்குக் கோலார் நகரத்தை ஒட்டிய அந்தரகங்கே மலைப்பக்கம் போகலாம், ராத்திரி மலையேற்றத்துக்குப் பேர்போன இடம். ஆனால் அது தங்கவயலில் இருந்து தள்ளி இருக்கிறது. நான்கு நாள் லீவு கிடைத்தால் கோலாருக்கு என் ஓட்டு உண்டு. இரண்டு நாளுக்குக் கிடையாது.

சரி, மேலூருக்கு வருவோம்.

மதுரையில் இருந்து மேலூர் 30 கிலோமீட்டர். திருச்சிக்குப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தை எண்பதில் கடந்துபோவார்கள். இடதுபக்கம் தெரியும் மொட்டைப் பாறைகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தப் பாறையில் உளிச்சத்தம் கேட்டிருக்கிறது என்பதுதான் பதில். கோலாரில் நூற்றிருபது வருஷக் கதை. இங்கே மாங்குளம் மீனாட்சிபுரம் மலைக்குகையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. பொது ஆண்டுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்று அதற்குக் காலம் சொல்கிறார்கள். 1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்து வெளியே சொன்னார். எழுத்துக்குப் பக்கத்திலேயே சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல்படுக்கைகள்.

படுக்கைகளைப் பார்க்கும்போது மேலே குகையின் நெற்றியையும் பாருங்கள். மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராதபடி நீளமாக ஒரு விளிம்பு செதுக்கியிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டில் பட்டதும் வெளியே சொட்டிவிடும். காற்று வரும் திசை, பக்கத்தில் சுனை, கீழே ஊருக்குப் பிச்சைக்குப் போய்வரும் தூரம் எல்லாம் பார்த்து இடம் பிடித்திருக்கிறார்கள். திறந்தவெளியில் தங்க இடம் தேடும் வித்தையில் அந்தத் துறவிகளை மிஞ்ச ஆள் இல்லை.

பக்கத்திலேயே அரிட்டாபட்டி. கழிஞ்சமலைக் குகையில் தமிழிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், ஊரின் இன்னொரு பக்கத்தில் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில், அதில் சிவனின் ஒரு வடிவமான, தமிழ்நாட்டில் அரிதான லகுலீசர் சிற்பம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 பறவை வகைகள் என்பது அரசு சொன்ன கணக்கு. ராசாளி, தேவாங்கு, அலங்கு என்று பட்டியல் நீளும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பாறை விளிம்பில் ராசாளி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. பத்து மணிக்குப் போனால் பாறையையும் வெயிலையும்தான் பார்க்கலாம்.

மேலூர் வட்டாரத்தில் மலையும் தண்ணீரும் தனித்தனி இல்லை. பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, ஓடையாகி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கில் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். இதற்கு மேலே, 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாகக் கால்வாயில் வந்து மேலூர் ஒருபோக வயல்களுக்குப் பாயும். நடுவில் ஒரு பாறை போனால் ஓடை போகும், ஓடை போனால் கண்மாய் போகும். கீழவளவு பக்கம் போகும்போது இது கண்ணுக்கே தெரியும்.

மேலூர்–திருப்பத்தூர் சாலையில் இருக்கிறது கீழவளவு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள பஞ்சபாண்டவர் மலை அங்கேதான். குகை, கல்படுக்கை, சமணச் சிற்பங்கள் எல்லாம் உண்டு. அதே வட்டாரத்தில்தான் உலகச் சந்தைக்குப் போன வெள்ளைக் கிரானைட்டும் எடுத்தார்கள். வெள்ளையில் சிவப்புப் புள்ளி தெளித்த "காஷ்மீர் ஒயிட்" என்ற கல்லைப் பலர் சமையலறை மேடையில் பார்த்திருப்பார்கள். பெயரில்தான் காஷ்மீர், கல் மேலூர்க் கல். சிவப்புப் புள்ளி கார்னெட் என்னும் கனிமம். சாலையில் இருந்தே பாறையின் வெட்டுமுகத்தைப் படிக்கலாம். வரிசையாகப் பாதிக் குழாய் போலத் தெரிந்தால் அது ட்ரில் போட்டுப் பிளந்தது. வழுவழுவென்று சுவர் போல நின்றால் வைரக் கம்பி ரம்பம் அறுத்தது. கொத்துக் கொத்தாகக் குழி தெரிந்தால் அது உளி, பழசு. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடிகிற இடங்கள் அதிகம் இல்லை.

2012 மே மாதம் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டு அறிக்கை அனுப்பினார். அதற்குப் பிறகு குவாரிகள் நின்றன. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 செப்டம்பரில், ஆட்களைக் கொன்று புதைத்ததாக வந்த ஒரு புகாரை விசாரிக்கப் போய், தோண்டும் வேலை தொடங்கும்வரை இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று மேலூர் அருகே சுடுகாட்டிலேயே ராத்திரி தங்கினார். இந்த வட்டாரத்தில் திறந்தவெளியில் படுத்தவர்களில் அவரைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது.

அடுத்தது டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கான சுரங்கத் திட்டம். 2024 நவம்பர் 7-ல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. சுமார் 2,015 ஹெக்டேர், அதற்குள் பல்லுயிர்த் தலமும் அடக்கம். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் வட்டார ஊர்கள் திரண்டு மதுரைக்குப் பேரணியாக வந்தன. ஜனவரி 23-ல் ஏலத்தை ரத்து செய்தார்கள்.

போகிற ஊர்க்காரர்களின் மனநிலையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். வெளியூர் வண்டி கண்மாய்க்கரையில் நின்றால் பெரியவர் ஒருவர் வந்து, "எந்த ஊரு தம்பி? சர்வே எடுக்கவா வந்திருக்கீக?" என்று கேட்டால் கோபப்படக்கூடாது. "இல்லங்கய்யா, மதுரைதான். மலையைப் பாத்துட்டு ராத்திரி எங்கயாச்சும் தோப்புல தங்கிட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொன்னால் போதும், அவரே இடம் கேட்டுச் சொன்னாலும் சொல்வார். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கூடாரம்தான் இங்கே சிக்கல் என்று ஒத்துக்கொள்கிறேன். குகைகள் இருக்கும் இடங்களில் பொழுது சாய்ந்தபின் நிற்கக்கூடாது. பல்லுயிர்த் தலத்துக்குள் கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம். கண்மாய்க்கரை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது ஊரின் பொதுச்சொத்து, பாம்பு நடமாட்டமும் உண்டு. உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உள்பக்கத்தில், சீமைக் கருவேல முள் டயரையும் கிழிக்கும், கூடாரத்தின் தரைத்துணியையும் கிழிக்கும். மழைக்குப் பிறகு உள்வாய்க் களிமண்ணில் காரை இறக்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். மிச்சம் இருப்பது தனியார் தோப்பு: தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே பேசி வைத்த தென்னந்தோப்போ மாந்தோப்போ. தென்னை மரத்துக்கு நேர் கீழே மட்டும் போடாதீர்கள். அதுவும் அமையவில்லை என்றால் அழகர்கோயில் சாலையில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, கூடாரம் காரிலேயே கிடக்கட்டும்.

குவாரிக் குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக, தெளிவாக, நீச்சல்குளம் மாதிரியே இருக்கும். இறங்காதீர்கள். கண்மாய் போலக் கரையில் இருந்து மெல்ல ஆழமாவது இல்லை. அறுத்த சுவர் நேராக இறங்குகிறது, முதல் அடியிலேயே ஆழம், ஏறிவரக் கால் வைக்கப் படியும் இல்லை. நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிக் குழிகளில் செத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சாலையில் இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், பெட்ரோல் 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஒத்தக்கடை, அரிட்டாபட்டி, மேலூர், கீழவளவு, திருவாதவூர் என்று சுற்றி வர 120 கிலோமீட்டர், 800 ரூபாய். மன்னவனூர் போய்வர 310 கிலோமீட்டருக்கு மேல். மலையேற்றத்தில் மைலேஜ் 12 ஆகக் குறைந்தால் 2,600 ரூபாய். கோலார் போய்வர 850 கிலோமீட்டர் என்று வைத்தால் 5,700 ரூபாய், சுங்கச்சாவடிகள் தனி. தோப்புக்காரருக்கு நல்லபடியாக ஏதாவது கொடுத்தாலும் மேலூர்தான் மலிவு.

மேலூர் என்று முடிவு செய்பவர்களுக்கு வரிசை இப்படி இருக்கலாம். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்து நரசிங்கம் கோயிலில் தொடங்குங்கள், 770-ல் பாண்டிய அமைச்சன் மாறன்காரி தொடங்கி அவன் தம்பி முடித்த குடைவரை அது. ஆனால் அரிட்டாபட்டிப் பறவைகள் முக்கியம் என்றால் நரசிங்கத்தைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். அரிட்டாபட்டி முடித்து, வெயில் ஏறும் முன் மீனாட்சிபுரம் மலை. மதியம் மேலூரில் சாப்பாடு, கொஞ்ச நேரம் தோப்பில் படுக்கை. நாலு மணிக்கு மேல் கீழவளவு, சாய்ந்த வெயிலில் வெட்டுமுகம் நன்றாகத் தெரியும். மறுநாள் காலை மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், பிறகு வீடு. கூடாரம் தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். பாறைத் தரையில் ஆணி இறங்காது, கயிற்றைக் கல்லில் கட்டித்தான் ஆக வேண்டும். குடிதண்ணீர் கேன் இரண்டு, கேஸ் அடுப்பு, தடிமனான தரைவிரிப்பு. கண்மாயில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டாம், மாடு குடிக்கிற தண்ணீர்.

இதெல்லாம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைக்கான பேச்சு. வடகிழக்கு மழை முடிந்து கண்மாய் நிரம்பி, வயல் பச்சையாக, ராத்திரி போர்வை கேட்கிற மாதங்கள் அவைதான். ஏப்ரல், மே மாதங்களில் என் ஓட்டு மாறிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை நடுராத்திரி வரை அனல் கக்கும், அதன் பக்கத்தில் கூடாரத்தில் யாரும் தூங்க முடியாது. அப்போது இ-பாஸ் வாங்கிக்கொண்டு மன்னவனூருக்கே போய்விடுங்கள். ஆனால் அதே மாதங்களில்தான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாவும் வலையுமாகச் சனம் மொத்தமும் தண்ணீருக்குள் இறங்கும். தேதியை முன்னாலேயே மேலூரில் விசாரித்து வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் விடியற்காலையில் கிளம்பிப் போய் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.